கன்ட்ரோல் தட்டு

லேபில் வளர்க்கும் உயிர்ச் செல்களைக் கஷ்டப்படுத்திப் பார்ப்பதுதான் என் வேலை என்றால் சொந்தக்காரர்கள் சிரிப்பார்கள். சூடு வைப்போம், பட்டினி போடுவோம், விஷம் கொடுப்போம். அப்புறம் அவை எப்படிச் சமாளிக்கின்றன என்று பார்ப்போம். ஆனால் இந்த வேலையில் என் நேரத்தைப் பெரும்பாலும் விழுங்கியது, எந்தக் கஷ்டமும் படாத செல்களைத் தயார் செய்வதுதான்.

கஷ்டம் கொடுப்பது சுலபம். லேப்களில் வழக்கமாக வளர்க்கும் மனிதச் செல் வகையான ஹீலா செல் தட்டில், ஆர்சனைட் என்ற ஆர்செனிக் விஷம் கொஞ்சம் விட்டால் போதும். செல் புதிய புரதம் செய்வதைப் பெருமளவு நிறுத்திவிடும். புரதம் செய்வதற்கான குறிப்பைச் சுமந்தபடி வேலையில்லாமல் நிற்கும் எம்ஆர்என்ஏக்கள் புரதங்களோடு சேர்ந்து திரளும். அந்தத் திரள்களில் இருக்கும் ஜி3பிபி1 என்ற புரதத்தில் ஒட்டும் ஆன்டிபாடி போட்டு ஒளிர வைத்தால், அரை மணி முதல் ஒரு மணி நேரத்துக்குள் சைட்டோபிளாசம் முழுக்கப் புள்ளிகள். ஆர்சனைட்டைக் கழுவி எடுத்துவிட்டால் சில மணி நேரத்தில் அத்தனையும் கரைந்துபோகும். எத்தனை முறை பார்த்தாலும் அலுக்காத காட்சி.

தலைவலி, ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக எந்தக் கஷ்டமும் கொடுக்காமல் பக்கத்தில் வைத்திருக்கும் கன்ட்ரோல் தட்டில். செல்கள் நெருக்கியடித்து வளர்ந்தால் அவை வளரும் சத்துத் திரவமான மீடியம் அமிலமாகி மஞ்சளாகும். தட்டு இன்குபேட்டருக்கு வெளியே அதிக நேரம் கிடந்தால் கார்பன் டை ஆக்சைடு வெளியேறி ரோஸ் நிறமாகும். இவையாவது கண்ணுக்குத் தெரியும். மைக்கோபிளாஸ்மா என்ற மிகச் சிறிய பாக்டீரியா தொற்றியிருந்தால் மீடியம் கலங்கக்கூடச் செய்யாது. அதற்குத் தனியாகப் பிசிஆர் செய்து பார்க்க வேண்டும். ஏற்கெனவே அவதிப்படும் செல்லுக்கு 42 டிகிரி சூடு வைத்து நான் எதை அளப்பது?

இந்தத் துறை பிறந்த கதையைத் தற்செயலின் மகிமையாகச் சொல்வார்கள். இத்தாலியில் ஃபெருச்சியோ ரிட்டோசா என்ற மரபியல் ஆய்வாளரின் பழ ஈ இன்குபேட்டரில் யாரோ வெப்பநிலையைக் கூட்டிவிட, புழுவின் உமிழ்நீர்ச் சுரப்பிக் குரோமோசோம்களில் புதிய இடங்களில் புடைப்புகள் (மரபணு வேலை செய்யும் இடம் உப்பித் தெரிவது) தோன்றின. 1962இல் கட்டுரை வந்தது. சூடு பட்டதும் உருவாகும் புரதங்கள் பிடிபட 1974 ஆனது. தற்செயல்தான், சரி. ஆனால் வழக்கமான புடைப்புகள் எங்கே இருக்கும் என்பது அவருக்கு அத்துப்படி. இல்லையென்றால் புதியவை எப்படிக் கண்ணில் பட்டிருக்கும்?

ஆய்வுக் கட்டுரையில் இந்தப் பாடெல்லாம் ‘37 டிகிரியில், 5 சதவீதக் கார்பன் டை ஆக்சைடில் வளர்க்கப்பட்டன’ என்று ஒரே வரியில் முடிந்துவிடும். அதனால் புதிதாகச் சேரும் மாணவர்களுக்கு இது தெரிய வாய்ப்பில்லை. ‘முதலில் செல்லை ஒழுங்காக வளர்த்துக் காட்டுப்பா’ என்றால் முகம் சுருங்குகிறது. சிலர் வேறு லேப் பார்த்துப் போய்விடுகிறார்கள். அவர்கள் அவசரமும் நியாயம்தான், ஃபெலோஷிப் காலம் ஓடுகிறதே. இருந்தாலும் லேப் மீட்டிங்கில் கன்ட்ரோல் படத்தைப் பார்க்காமல் அடுத்த ஸ்லைடுக்குப் போக நான் விடுவதில்லை.