பந்து வெளியே போகாத உதைபந்தாட்டம்

பந்து பக்கச்சுவரில் 'டொம்' என்று மோதி, உதைத்தவனின் காலுக்கே திரும்பி வருகிறது. நடுவர் விசில் ஊதவில்லை. கோட்டைத் தாண்டிய பந்துக்குக் கை தூக்கிப் பழகிய எங்கட சனம், கதிரையில் இருந்தபடியே பாதிக் கையைத் தூக்கிவிட்டு, தலையைச் சொறிகிற பாவனையில் இறக்கிக்கொள்ளும். பக்கத்துக் கதிரையில் இருக்கிற பத்து வயதுக் கனடாப் பிள்ளைக்கு அதில் ஒரு வியப்பும் இல்லை. அவனுக்குச் சுவர் இல்லாத ஆட்டம்தான் புதினம்.

2018 மார்கழியில் ரொறன்ரோவுக்குப் பக்கத்து மிசிசாகாவில் எங்களுக்கு இந்த உள்ளரங்க ஆட்டம் தொடங்கியது. அப்போது அமெரிக்காவிலும் மெக்சிக்கோவிலும் நடந்த மேஜர் அரீனா சொக்கர் லீக் என்ற தொழில்முறை உள்ளரங்க உதைபந்தாட்டத் தொடருக்குள் மிசிசாகா மெற்றோஸ்டார்ஸ் என்ற கனடிய அணி நுழைந்த சீசன் அது. ஆட்டம் நடந்த இடத்தின் பெயர் பரமவுண்ட் ஃபைன் ஃபூட்ஸ் சென்ரர். பெயரைக் கேட்டுப் பசியோடு போக வேண்டாம். லெபனான் சாப்பாட்டுக்கடை நிறுவனமொன்றின் பெயரை அரங்குக்கு வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். அதற்கு முன்னம் அது ஹெர்ஷி சென்ரர், சொக்லேற் கொம்பனியின் பெயர்.

ஸ்னோ கொட்டுகிற இரவில் தடித்த ஜக்கெற்றைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு உதைபந்தாட்டம் பார்ப்பதற்கு மனம் உடனே இடம் கொடுக்காது. உதைபந்தாட்டம் என்றால் பொழுதுபடும் நேரம், புழுதி, யாழ்ப்பாணத்துத் துரையப்பா அரங்கின் வேலியோரம், வாயில் கச்சான். நாவாந்துறை சென் மேரிசும் குருநகர் பாடும்மீனும் மோதினால் மைதானத்துக்கு உள்ளே நடப்பதைவிட வெளியே நடப்பது சூடாக இருக்கும். இங்கே எல்லாருக்கும் இலக்கமிட்ட கதிரை. சண்டைக்கு ஆள் தேட வேண்டும்.

முதலில் தரையைப் பாருங்கள். பச்சையாகத் தெரிகிற அந்தத் தளத்துக்குக் கீழே ஐஸ் இருக்கிறது. உருக்கி எடுத்த ஐஸ் இல்லை. ஹொக்கி ஆடுகிற அதே ஐஸ். நாளைக்கோ மறுநாளோ ஹொக்கி ஆட்டம் இருக்கும் என்பதால் ஒவ்வொரு முறையும் உருக்கி மீண்டும் உறைய வைக்க முடியாது. ஆகவே ஐஸின் மேல் குளிர் கடத்தாத பலகைகளை அடுக்கி, அதன் மேல் செயற்கைப் புல்லைச் சுருள் சுருளாக விரித்து, ஓரங்களை வெல்க்ரோப் பட்டியாலோ ஒட்டுநாடாவாலோ இணைக்கிறார்கள். பிழை வருவதும் இந்த இடங்களில்தான். இணைப்பு சற்று எழும்பி நின்றால், தரையோடு உருண்டு வருகிற பந்து கடைசி நொடியில் துள்ளி, எடுக்க வந்தவனின் முழங்காலில் படும். சுவரோரம் புல் சுருண்டு கிடந்தால் சப்பாத்து மாட்டும். உள்ளே சனத்தின் மூச்சும் சூடும் கூடி ஈரப்பதன் ஏறினால் பலகையில் நீர் கசிந்து புல்லின் அடி வழுக்கும். இதனால்தான் ஊரில் போடுகிற ஆணிச் சப்பாத்து இங்கே ஆகாது. ஆணி புல்லைப் பிடித்து நிற்க, உடம்பு திரும்பிவிடும். முழங்காலின் தசைநார் அந்த இடத்திலேயே போகும். சின்னச் சின்ன ரப்பர் புள்ளிகள் நிறைந்த அடியுள்ள சப்பாத்துத்தான் வேண்டும். ரொறன்ரோவின் ஸ்காபரோவில் மணித்தியாலத்துக்கு வாடகை கட்டி, கூரை மூடிய 'டோம்' மைதானம் எடுத்து விளையாடுகிற பொடியளுக்கும் இது பொருந்தும். ஊரில் இருந்து வந்த முதல் மாரியில் ஆணிச் சப்பாத்தோடு வாசலில் நிற்கிற ஒருவரை எந்த டோமிலும் காணலாம்.

தளத்தின் அளவு 200 அடிக்கு 85 அடி. முழு மைதானத்தில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்குகூட வராது. அதற்குள் பக்கத்துக்கு ஆறு பேர், கோல் காப்பாளரும் சேர்த்து. 15 நிமிடப்படி நாலு பகுதி. கோல் கம்பங்கள் தளத்துக்குள் நிற்பதில்லை; கடைச்சுவருக்குள்ளேயே பதித்து வைத்திருக்கிறார்கள். மூலைகள் வளைந்தவை. கொடிக்கம்பம் நாட்ட இடமில்லை.

இனிச் சுவருக்கு வருவோம். இந்த ஆட்டத்தில் உண்மையாகவே ரசிக்கவேண்டியது அதைத்தான். கோல் எண்ணிக்கையை எண்ணிக்கொண்டு இருப்பவர்களுக்குப் பாதி ஆட்டம் தெரியாமலே போய்விடும்.

சுவர் ஒரே பொருள் இல்லை. கீழே இடுப்பளவுக்குக் கெட்டியான பிளாஸ்ரிக் பலகை, அதற்கு மேலே தடித்த ஒளிபுகும் தகடு. பலகையில் பட்ட பந்து வேகம் குறையாமல் திரும்பும். மேல் தகடு சற்று வளைந்து கொடுப்பதால் பந்தின் வேகத்தை விழுங்கி, செத்த பந்தாகக் கீழே போடும். இரண்டும் சேருகிற விளிம்பில் பட்டால் அது எங்கே போகும் என்று பந்துக்கே தெரியாது. வீரர்கள் உள்ளே வெளியே போகிற கதவுகள் வேறு ரகம்; அவை ஆடுவதால் திரும்பும் பந்து மெதுவாக வரும். சொந்த அரங்கில் ஆடுகிற அணிக்கு இருக்கிற முதல் வசதி ரசிகர் கூட்டம் இல்லை. எந்தப் பலகை எப்படித் திருப்பும் என்ற மனப்பாடம்தான்.

தடுக்க வருகிறவனின் ஒரு பக்கத்தால் பந்தைச் சுவரில் தட்டி, மறுபக்கத்தால் ஓடிப்போய்த் தானே எடுப்பது அடிப்படைப் பாடம். உள்பாதத்தால் சுழல் இல்லாமல் தட்டினால் போன கோணத்திலேயே திரும்பும். வெளிப்பாதம் பட்டுச் சுழன்றால் சுவரை விட்டு விலகாமல் அதோடு ஒட்டி ஓடும். இரண்டாவது பாடம் கடினமானது: கோலுக்கு நேரே அடிக்காமல், கம்பத்துக்குப் பக்கத்துப் பலகையில் தாழ்வாகவும் பலமாகவும் அடிப்பது. கோல் காப்பாளர் அடித்த பக்கம் பாய்ந்திருப்பார். பந்து கடைச்சுவரில் பட்டு மற்றப் பக்கக் கம்பத்தடிக்கு வரும். அங்கே ஒருவன் காலை நீட்டிக்கொண்டு நிற்பான். புதிதாகப் பார்க்கிறவர்கள் "சீ, வெளியால அடிச்சிட்டான்" என்று சொல்லி முடிப்பதற்குள் கோல் விழுந்திருக்கும்.

யாழ்ப்பாணத்து ஒழுங்கைகளில் விளையாடியவர்களுக்கு எல்லை என்பது கிடுகுவேலி. பந்து வேலிக்குள் போனால் வேலி அதைத் திருப்பித் தராது. பொட்டுக்குள்ளால் கையை விட்டு எடுக்கவேண்டும், இல்லாவிட்டால் ஆச்சியிடம் கேட்கவேண்டும். ஆச்சி, "என்ரை கத்தரிக்கண்டை முறிச்சுப்போட்டு இப்ப பந்து வேணுமோ?" என்று தொடங்கினால் அன்றைய ஆட்டம் அவ்வளவுதான். பிறகு வளவுகளுக்குச் சீமெந்து மதில் வந்தது. ஒரு பொடியன் மட்டும் பந்தோடு நின்றாலும் மதில் அவனோடு விளையாடியது. அந்தப் பொடியளின் உள்பாதம் தனி ரகம். அதையெல்லாம் மறந்து இங்கே ஹொக்கி பார்க்கப் பழகியாயிற்று என்றுதான் எல்லோரும் சொல்வோம். ஆனால் சுவரில் பட்ட பந்தின் ஒலி கேட்டால், ஐம்பது வயதுக்காரரின் வலது கால் கதிரைக்குக் கீழே தானாக அசைகிறது.

சட்டங்கள் பாதி உதைபந்தாட்டம், பாதி ஹொக்கி. ஆட்டம் நிற்காமலே ஆட்களை மாற்றலாம், எத்தனை முறையும். ஒரு நிமிடம், ஒன்றரை நிமிடம் முழு மூச்சில் ஓடிவிட்டு வந்து இருக்க, அடுத்தவன் குதித்துப் போவான். களைத்தவன் வருவதற்கு முன்னம் புதியவன் பந்தைத் தொட்டுவிட்டால் ஆள் கூடின குற்றம். அதற்கு நீல அட்டை, இரண்டு நிமிடம் பெட்டிக்குள் இருக்கவேண்டும். ஒருவனைச் சுவரோடு தள்ளி நசித்தாலும் நீலம்தான். அந்த இரண்டு நிமிடமும் அவனது அணி ஓர் ஆள் குறைவாக நிற்கும். எதிரணி கோல் போட்டால் தண்டனை அத்தோடு முடிந்து ஆள் திரும்பி வரலாம். மஞ்சளும் சிவப்பும் தெரிந்தவர்களுக்கு நீலத்தைக் கண்டதும் வருகிற குழப்பம் சீசன் முழுக்கத் தீராது.

தளத்தின் குறுக்கே மூன்று கோடுகள் கீறியிருக்கும். பின்னால் நிற்கிறவர் உதைத்த பந்து வேறு ஆளிலோ சுவரிலோ படாமல் மூன்றையும் வானத்தால் தாண்டினால் குற்றம், எதிரணிக்கு உதை. ஊரில் கோல் காப்பாளர் ஓங்கி உதைக்க முன்னால் நிற்கிறவன் தலையால் முட்டுவானே, அந்த வேலை இங்கே செல்லாது. இல்லாவிட்டால் இந்தச் சின்ன இடத்தில் எல்லோரும் அதையேதான் செய்துகொண்டிருப்பார்கள்.

கடைசிப் பகுதியில் தோற்றுக்கொண்டிருக்கிற அணி கோல் காப்பாளரை வெளியே எடுத்துவிட்டு, ஆறாவது ஆளையும் தாக்க அனுப்பும். அவர் கோல் காப்பாளரின் நிறச்சட்டையைப் போட்டுக்கொண்டு நடுத்தளத்தில் நிற்பார். பின்னால் கோல் திறந்து கிடக்கும். பந்து பறிபோனால் எதிரணிக்காரன் தன் பாதியில் இருந்தே உருட்டிவிட்டு நின்று பார்க்கலாம். தலைக்கு மேலால் தூக்கி அடித்தால்தான் மூன்று கோட்டுச் சட்டம் பிடிக்கும்.

இந்த விளையாட்டுக்கு வரலாறு இல்லை என்று நினைப்பது பிழை. 1974 மாசியில் மொஸ்கோ செம்படை அணி பிலடெல்பியாவுக்கு வந்து, ஸ்பெக்ட்ரம் அரங்கில் பிலடெல்பியா அற்றம்சுடன் உள்ளே ஆடியது. அதைப் பார்த்த எட் ரெப்பர், ஏர்ல் ஃபோர்மனோடு சேர்ந்து தொடங்கிய லீக் 1978 முதல் 1992 வரை ஓடியது. பிறகு லீக்குகள் உடைந்தும் ஒட்டியும் வந்தன. இரண்டு புள்ளி, மூன்று புள்ளிக் கோல்கள்கூட ஒரு காலத்தில் இருந்தன. இப்போதைய லீக் 2014இல் அமைந்தது, ஒரு கோலுக்கு ஒரு புள்ளிதான். கிண்ணம் சான் டியேகோ சொக்கர்சின் பழைய பயிற்றுநர் ரொன் நியூமனின் பெயரில். 2016, 2017, 2018 மூன்று முறையும் பால்டிமோர் பிளாஸ்ற் எடுத்திருந்தது. மிசிசாகா விழுந்ததும் அதே பிரிவுக்குள். 2019 கிண்ணம், 1984இல் தொடங்கிய மில்வோக்கி வேவ்வுக்குப் போனது.

மிசிசாகா அணியில் நாற்பது வயதில் வந்து ஆடியவர் ட்வெய்ன் டி ரொசாரியோ. ஸ்காபரோவில் வளர்ந்தவர். 2011இல், திறந்தவெளியில் ஆடுகிற மேஜர் லீக் சொக்கரின் பெறுமதிமிக்க வீரர். எங்கட சனம் எக்ளின்ரன் சந்தியில் இறைச்சி வாங்கி, மார்க்கம் வீதியில் இடியப்பம் வாங்கித் திரிகிற அதே ஸ்காபரோதான். அதனால் அவரைச் சொந்த ஊர்ப் பொடியன் என்று உரிமை கொண்டாட யாரும் கூச்சப்படவில்லை. அவர் இருந்தும் அணி வென்றதைவிடத் தோற்றது கூட.

அந்தச் சீசனில் 24 ஆட்டம், பாதி வெளியூரில். அதுதான் முறிக்கிற வேலை. அந்தப் பிரிவில் பால்டிமோர், ஹரிஸ்பேர்க், யூட்டிக்கா மூன்றும் எல்லைக்கு அப்பால். மாரியில் பஃபலோப் பக்கம் ஏரி ஸ்னோ கொட்டத் தொடங்கினால் வீதி மூடிவிடும். வெள்ளி ஓர் ஊரில், ஞாயிறு இன்னோர் ஊரில் என்று கிழமை முடிவிலேயே எல்லாம். இறங்கி நேரே ஆடுகிறவனின் தொடைத்தசை முதல் பகுதியிலேயே பிடிக்கும். இந்த அளவு தளத்தில் நீளமாக ஓடுவது குறைவு. நின்று, திரும்பி, பாய்ந்து, மறுபடி நிற்பதுதான் முழுக்க. அதற்குச் சூடேறாத தசை தாங்காது.

அடுத்த சீசனில் மிசிசாகா அணி இல்லை. 1996-97இல் ரொறன்ரோ ஷூட்டிங் ஸ்டார்ஸ், 2000-01இல் ரொறன்ரோ தண்டர்ஹோக்ஸ் என்று இதற்கு முன்னம் வந்தவையும் ஒவ்வொரு சீசனோடு முடிந்தவைதான். நாலு மாதம் பார்த்து, சட்டம் விளங்கி, நீல அட்டைக்குக் கத்தப் பழகும்போது கடையைப் பூட்டிவிடுகிறார்கள். கோபம் வருகிறதுதான். மாரி முழுக்க ஹொக்கிக்கு இத்தனை அரங்கு இருக்கிற மாகாணத்தில் இதற்கு ஓர் அணி நிலைக்காதா என்று கேட்டால், "இளவாலைக்காரனும் பாசையூரானும் மோதினால் சனம் தானாய் வரும்" என்கிறார்கள் ரிம் ஹோர்ட்டன்சில் கோப்பி குடிக்கிற பெரியவர்கள். அவர்கள் சொல்கிற கணக்கில் பிழையில்லை. டோமுக்குள் பழைய மாணவர் சங்க ஆட்டம் என்றால் நிற்க இடம் இராது.

பார்க்க விரும்புகிறவர்களுக்குக் கிட்டிய இடங்களில் ஒன்று நியூயோர்க் மாநிலத்து யூட்டிக்கா, காரில் ஐந்து மணித்தியாலம் அளவில். மூலைக்குக் கிட்ட, தரையில் இருந்து ஐந்தாறு வரிசை மேலே இருக்கிற கதிரையாக எடுங்கள். முதல் வரிசையில் பலகையின் விளிம்பு கண்ணை மறைக்கும். நடுவில் இருந்தால் சுவர்க்கோணம் தெரியாது. கனடியக் கடவுச்சீட்டு வந்துவிட்டால் பிரச்சினையில்லை. நிரந்தர வதிவிட அட்டையும் இலங்கைக் கடவுச்சீட்டும் மட்டும் இருந்தால் முதலில் அமெரிக்க விசா எடுக்கவேண்டும். பயணத்தின் நோக்கம் என்று ஒரு கட்டம் இருக்கும். உதைபந்தாட்டம் பார்க்க என்று நிரப்பினால், மாசி மாதத்திலா என்று கேட்பார்கள். ஐஸுக்கு மேலே புல் விரித்து ஆடுகிறார்கள் என்பதை நேர்காணல் கண்ணாடிக்கு முன்னால் நின்று விளக்குவதற்கும் ஆயத்தமாகப் போங்கள்.