தவறான கோப்பு ஏறிய கைச்செட்டை மீட்டெடுத்தல்

தங்கச்சிமடத்துத் தம்பி ஒருவர் தம்முடைய பவோஃபெங் யூவி-5ஆர் செட்டை (கையில் வைத்துப் பேசும் ரேடியோ) மண்டபத்தில் என் வீட்டுக்குக் கொண்டுவந்து, "அண்ணே, இது போயிருச்சு, இனிமே பேசாது" என்று வருத்தத்தோடு கொடுத்தார். அண்மையில்தான் ஹாம் உரிமம், அதாவது பொழுதுபோக்கு வானொலி உரிமம், பெற்றவர். யாரோ அனுப்பிய சேனல் கோப்பை (பேசும் அதிர்வெண்களும் அமைப்புகளும் அடங்கிய கோப்பு), ஃபர்ம்வேர் எனப்படும் செட்டின் உள் மென்பொருளின் பதிப்பு ஒத்துப்போகிறதா என்று பார்க்காத ஒரு மென்பொருள் வழியாக அப்படியே ஏற்றியிருந்தார். திரை ஒளிர்ந்தது, பொத்தான்களும் ஒலித்தன. ஆனால் 144.500 மெகாஹெர்ட்ஸ் அதிர்வெண்ணைத் தட்டினால் ஏற்க மறுத்தது. அருகிலேயே வேறொரு செட்டில் பேசினாலும், ஒலி வருவதைக் காட்டும் பச்சை விளக்கு எரியவில்லை.

இந்த நிலையிலுள்ள செட்டைத் தூக்கிப் போட்டுவிடுவோர் பலர். அது தேவையில்லை என்று உறுதியாகச் சொல்வேன். செட்டை இயக்கும் ஃபர்ம்வேர் நுண்செயலிக்குள் இருக்கிறது. இந்த மாடலில் கணினியோடு இணைக்கும் கேபிள் வழியாக அதைத் தொடவே முடியாது. நாம் எழுதுவதெல்லாம் தனி நினைவகச் சில்லில் உள்ள அமைப்புகளை மட்டுமே. அந்தச் சில்லில் சேனல்கள் ஒரு பகுதியிலும், அதிர்வெண் எல்லைகள், ஸ்குவெல்ச் (இரைச்சலை அடக்கும் அமைப்பு) அளவுகள் போன்றவை வேறொரு பகுதியிலும் உள்ளன. பதிப்பு மாறிய கோப்பை முழுவதுமாக ஏற்றும்போது கெடுவது இந்த இரண்டாம் பகுதிதான். செட்டுகளுக்குக் கோப்பு ஏற்றும் சிர்ப் என்ற மென்பொருள், பதிப்பு பொருந்தாதபோது அந்தப் பகுதியை எழுதாமல் விட்டு எச்சரிக்கிறது என்பதால்தான், புதியவர்களுக்கு அதையே பரிந்துரைக்கிறேன்.

முதலில் மெனு 40-க்குச் சென்று முழு ரீசெட் செய்து பார்த்தோம். சேனல்கள் அழிந்தன, குரல் அறிவிப்பு சீன மொழிக்கு மாறியது, குறை மட்டும் தீரவில்லை. குரலை மெனு 14-இல் ஆங்கிலத்துக்கு மாற்றிக்கொள்ளலாம்.

அடுத்து கேபிளைச் செருகியபோது, ரேடியோ பதிலளிக்கவில்லை என்ற செய்தியே திரும்பத் திரும்ப வந்தது. நம் கரையில் இதற்கு நான் முதலில் சந்தேகிப்பது உப்புக் காற்றைத்தான். பக்கவாட்டு ரப்பர் மூடியைத் திறந்து விளக்கடியில் பார்த்தபோது, மைக் துளையின் உலோக விளிம்பில் பச்சைக் களிம்பு படிந்திருந்தது. பல்குத்தும் குச்சியில் பஞ்சைச் சுற்றி, ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்துத் துடைத்து உலர விட்டோம். பிளக் ஒரு நூல் அளவு வெளியே நின்றாலும் இணைப்பு கிடைக்காது. கட்டைவிரலால் அழுத்தி முழுவதும் இறக்கிய பின்னரே தொடர்பு கிடைத்தது.

செட்டில் ஏற்கெனவே இருந்த பழைய கோப்பைத் தம்பி சேமித்திருந்தால் அதை ஏற்றியவுடன் வேலை முடிந்திருக்கும். அது இல்லாததால், அவருடைய நண்பர் அதே கடையில் அதே நாளில் வாங்கிய, அதே பதிப்புள்ள செட்டிலிருந்து கோப்பை எடுத்தோம். பேட்டரி முழுவதும் ஏறியிருப்பதை உறுதி செய்த பின்னரே எழுதத் தொடங்கினோம். எழுதும்போது நடுவில் மின்சாரம் நின்றால் பாதி பழையதும் பாதி புதியதுமாக நினைவகம் குழம்பிவிடும். செட்டை அணைத்துத் திரும்பப் போட்டதும் 144.500 ஏறியது, பச்சை விளக்கும் எரிந்தது. ஆன்டெனாவைப் பொருத்திக் குறைந்த திறனில் பேசிப் பார்த்தோம். ஆன்டெனா இல்லாமல் பிடிடி பொத்தானை (பேசும்போது அழுத்துவது) அழுத்தினால் வெளியீட்டு டிரான்சிஸ்டர் கெடக்கூடும் என்பதால் இதில் நான் விட்டுக்கொடுப்பதே இல்லை.

இப்படி ஏற்றிய கோப்பில் 156.800, அதாவது படகுகள் அவசரத்துக்குப் பயன்படுத்தும் 16-ஆம் சேனல், சேமிக்கப்பட்டிருந்தது. அதை நீக்கச் சொன்னேன். ஹாம் உரிமம் இந்தப் பகுதி அதிர்வெண்களில் இங்கே 144 முதல் 146 மெகாஹெர்ட்ஸ் வரையிலான பட்டையில் பேசத்தான் அனுமதிக்கிறது. கடலுக்குப் போகிறவர்களின் உயிர் தொங்கும் சேனலில் கைத்தவறிப் பொத்தான் அழுந்துவதற்குக்கூட இடம் வைக்கக் கூடாது. படகுக்கு அதற்கென்று ஒப்புதல் பெற்ற கடல்சார் விஹெச்எஃப் (மிக உயர் அதிர்வெண்) செட்தான் வேண்டும்.

புதுச் செட் வாங்குகிறவர்களிடம், ஒரு சேனலைக்கூட மாற்றுவதற்கு முன் உள்ளிருப்பதைப் படித்தெடுத்துச் சேமிக்கச் சொல்கிறேன். பல யூவி-5ஆர் செட்டுகளில் 3-ஆம் பொத்தானை அழுத்திக்கொண்டே இயக்கினால் பதிப்பு எண் திரையில் தெரியும். அந்த எண்ணையும் செட்டின் வரிசை எண்ணையும் கோப்பின் பெயரிலேயே எழுதி, ஒரு படியைக் கணினியிலும் இன்னொன்றை மின்னஞ்சலிலும் வைத்துக்கொள்ள வேண்டும். தம்பியின் கோப்பின் ஒரு படி இப்போது என்னிடமும் இருக்கிறது. ஐப்பசி, கார்த்திகைப் புயல் நாட்களுக்கு முன் மண்டபம், பாம்பன் பக்கத்து நண்பர்கள் தங்கள் செட்டுகளைக் கொண்டுவந்தால் அவற்றின் கோப்புகளையும் எடுத்து வைத்துத் தருகிறேன்.