டெனிசன்: ரயில் பாதையோரத்து வாடகை வீடு

டெக்சஸில் டல்லாஸுக்கு அருகே பிளேனோ, ஃப்ரிஸ்கோ பக்கம் குடிவந்திருக்கும் நம் குடும்பங்களுக்கு அரைநாள் பயணத்துக்குத் தோதான இடம், அமெரிக்க அதிபர் ஐசனோவர் பிறந்த வீடு இருக்கும் டெனிசன். யு.எஸ். 75-இல் வடக்கே ஏறினால் ஒரு மணி நேரம், சுங்கமும் இல்லை. மேப் டோல்வே வழியாகத் திருப்பினால் ஏமாந்துவிட வேண்டாம். டோல் டேக் இல்லாத வண்டிக்குக் கூடுதல் கட்டணத்தோடு பில் வீட்டுக்கே வரும்.

இன்னொரு குழப்பமும் உண்டு. 'ஐசனோவர்' என்று மட்டும் தட்டினால் டெக்சோமா ஏரிக்கரையிலுள்ள ஐசனோவர் ஸ்டேட் பார்க்கில் கொண்டுபோய் விட்டுவிடும். அது முகாமடிக்கும் இடம். நமக்கு வேண்டியது ஊருக்குள், 609 சவுத் லமார் அவென்யூ.

அங்கே இருப்பது மாடி வைத்த வெள்ளை மரவீடு. இரண்டாம் உலகப் போரில் நார்மண்டித் தரையிறக்கத்துக்குத் தலைமை தாங்கி, பின்னர் 34-ஆவது அதிபரான டுவைட் ஐசனோவர் 1890 அக்டோபர் 14 அன்று இங்கே பிறந்தார். தளபதியின் வீடு என்று பீரங்கியும் பதக்கமும் எதிர்பார்த்துப் போகிறவர்களுக்குச் சப்பென்று இருக்கும். இது ஒரு ரயில்வே கூலியாளின் வாடகை வீடு. அப்பா டேவிட் கன்சாஸில் நடத்திய கடை நொடித்துப்போய், பிழைப்புக்காக முதலில் தனியாக இங்கே வந்தார். 'கேட்டி' ரயில்வேயில் என்ஜின் துடைக்கும் வேலை. அம்மா ஐடா கன்சாஸிலேயே இரண்டாவது பிள்ளையைப் பெற்றெடுத்து, பிறகுதான் குழந்தைகளோடு வந்து சேர்ந்தார். அப்பா முன்னால், குடும்பம் பின்னால். நம்மவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. 1892-க்குள் எல்லாரும் கன்சாஸுக்கே திரும்பிவிட்டார்கள்.

வீட்டை 1890-இல் இருந்தபடி மீட்டமைத்திருக்கிறார்கள். பிறந்த அறையில் இருக்கும் ஒட்டுத்துணிப் போர்வையைத் தவறவிடாதீர்கள். கோணல்மாணலான துண்டுகளைச் சேர்த்துத் தைத்தது. மற்ற சாமான்கள் அந்தக் காலத்தவை. இந்தப் போர்வைதான் அந்தக் குடும்பத்துடையது.

இங்கே பிறந்தது ஐசனோவருக்கே வெகுகாலம் தெரியாது. வெஸ்ட் பாயின்ட் ராணுவக் கல்லூரியில் சேர்ந்தபோது பிறந்த ஊர் டைலர் என்று எழுதிக்கொடுத்தார். போர்க்காலத்தில் அவர் பெயர் செய்தியில் அடிபட, குழந்தையாக அவரைத் தூக்கிவைத்திருந்த டெனிசன் பள்ளித் தலைமையாசிரியை ஜென்னி ஜாக்சன் விசாரித்து எழுதினார். அம்மா ஐடா ஆமாம் என்றார். ஊர்க்காரர்கள் 1946-இல் வீட்டை வாங்கினார்கள். அந்த ஏப்ரலில் ஐசனோவர் வந்து இங்கேயே காலை உணவு சாப்பிட்டார். பிறப்புச் சான்றிதழ் பதிவானதோ 1952-இல், அதிபர் தேர்தல் சமயத்தில். அண்ணன் ஆர்தர் கையெழுத்துப் போட்டார். டேவிட் டுவைட் என்று வைத்த பெயரும் இடையிலேயே டுவைட் டேவிட் ஆகியிருந்தது.

கிரீன் கார்டு கட்டத்தில் இருப்பவர்கள் இதைப் படித்துச் சிரிப்பார்கள். நமக்கு ஓர் அண்ணன் கையெழுத்து மட்டும் போதாது. பிறப்பைப் பதியாதவர்கள் உள்ளாட்சி அலுவலகத்தில் 'பதிவு இல்லை' என்ற சான்றை முதலில் வாங்க வேண்டும். அதன்பிறகே, பிறப்பை நேரடியாக அறிந்த பெற்றோரோ நெருங்கிய உறவினரோ இருவர் தனித்தனியாகத் தரும் உறுதிமொழிப் பத்திரம். பிறந்த தேதி, ஊர், பெற்றோரின் முழுப்பெயர், கையெழுத்திடுபவருக்கு விவரம் எப்படித் தெரியும் என்பது எல்லாம் அதில் இருக்க வேண்டும். சான்று இல்லாமல் பத்திரத்தை மட்டும் அனுப்புவதும், இனிஷியல் ஒரு தாளில் விரிந்தும் இன்னொன்றில் சுருங்கியும் இருப்பதும்தான் கூடுதல் ஆதாரம் கேட்டுக் கடிதம் வருவதற்கு வழக்கமான காரணங்கள்.

ஜூலை, ஆகஸ்டில் போக வேண்டாம். நூறு ஃபாரன்ஹீட் வெயிலில் வெளியே நிற்க முடியாது. மார்ச், ஏப்ரல் நல்லது. திறந்திருக்கும் நாட்களை டெக்சஸ் வரலாற்று ஆணையத்தின் தளத்தில் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். புளிசாதம் கட்டிக்கொண்டு போனால் வீட்டுக்கு வெளியே வைத்துச் சாப்பிடுங்கள். ஐசனோவர் அருங்காட்சியகம், நூலகம் எல்லாம் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் போக வேண்டியது கன்சாஸ் அபிலீனுக்கு. டெக்சஸிலும் ஓர் அபிலீன் இருக்கிறது. அங்கே போய் நிற்காதீர்கள்.