மூக்கும் முழியும்

“மூக்கும் முழியுமாக இருக்கிறாள்” என்று பெண்ணைப் பற்றிச் சொல்வது நம் பக்கத்தில் பழைய வழக்கம். என் அக்கா மகளையும் பலர் அப்படிச் சொன்னதுண்டு. ஆனால் சென்ற ஆனி மாதம் காட்பாடியில் நடந்த அவளுடைய நிச்சயதார்த்தத்தில், மாப்பிள்ளை வீட்டு அத்தை ஒருவர் பந்தியில் உட்கார்ந்தபடி, “பக்கவாட்டில் பார்த்தால் மூக்கில் ஒரு முடிச்சு தெரிகிறதே” என்று சொல்லிச் சிரித்தார். அந்த ஒரு வாக்கியம்தான் அவள் மனத்தில் தங்கியது. கத்தி வைக்காமல் ஊசியாலேயே மூக்கைத் திருத்தும் சிகிச்சையைப் பற்றி அடுத்த வாரமே அவள் தேடத் தொடங்கிவிட்டாள். அம்மாவிடம் சொன்னால் வீடு இரண்டுபட்டுவிடும் என்பதால் துணைக்கு என்னை அழைத்தாள். அவளோடு அலைந்த மூன்று மாதங்களில் நான் கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டவற்றை, இதே எண்ணத்தில் இருக்கும் பெண்களுக்கும் அவர்களுக்குத் துணை போகும் சித்திகளுக்கும் பயன்படட்டும் என்று இங்கே எழுதி வைக்கிறேன்.

இந்தச் சிகிச்சையில் மூக்கைக் குறைக்க முடியாது என்பதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். பெரும்பாலும் ஹையலூரோனிக் அமிலம் என்னும் கூழ் போன்ற பொருளை, ஃபில்லர் என்ற பெயரில், தோலுக்கு அடியில் ஊசியால் நிரப்புகிறார்கள். மூக்குத் தண்டில் மேடு இருந்தால் அந்த மேட்டுக்கு மேலும் கீழும் உள்ள பள்ளங்களை நிரப்புவார்கள். கோடு நேராகிவிடுவதால் மேடு மறைந்ததுபோல் தோன்றும். உண்மையில் மூக்கு அணுவளவு பெரிதாகத்தான் ஆகியிருக்கும். சப்பையான தண்டைச் சற்று உயர்த்தலாம், லேசான கோணலை மறைக்கலாம். அகன்ற மூக்கைச் சுருக்கவோ, பெரிய நுனியைச் சிறிதாக்கவோ, மூச்சடைப்பைச் சரி செய்யவோ இதனால் ஆகாது. மூச்சடைப்புக்கு காது மூக்கு தொண்டை மருத்துவரிடம்தான் போக வேண்டும். பலனும் நிரந்தரமானதல்ல. ஆறு மாதத்திலிருந்து ஒன்றரை ஆண்டு வரை உடம்புக்கு உடம்பு வேறுபட்டு, கூழ் மெல்ல மெல்லக் கரைந்துபோகும். வேண்டுமென்றால் மறுபடியும் செலவு செய்ய வேண்டும்.

நாங்கள் முதலில் போன இடம் மணப்பெண் அலங்காரத்தோடு இதையும் சேர்த்துச் செய்வதாக விளம்பரம் செய்திருந்த ஓர் அழகு நிலையம். பெயர் வேண்டாம். பத்து நிமிட வேலை, மதிய இடைவேளையில் வந்து போட்டுக்கொண்டு போகலாம், பக்க விளைவே கிடையாது என்று அங்கிருந்த பெண் மனப்பாடமாகச் சொன்னார். ஊசி போடப்போவது யார் என்று கேட்டபோது “எங்கள் டாக்டர் வருவார்” என்றாரே தவிர, அவர் எந்தத் துறை மருத்துவர் என்பதற்குப் பதில் இல்லை. என்ன மருந்து என்று கேட்டதற்கு “இம்போர்ட்டட்” என்பது பதிலாக வந்தது. பெட்டியைக் காட்டச் சொன்னோம். அன்றைக்குத்தான் வரும் என்றார்கள். என் அக்கா மகள் மென்பொருள் நிறுவனத்தில் வேலை செய்பவள், வாடிக்கையாளர் மழுப்பினால் உடனே கண்டுபிடித்துவிடுவாள். வெளியே வந்து செருப்பைப் போட்டுக்கொண்டே, “வேண்டாம் சித்தி, ரங்காபுரத்தில் மீன் வாங்கினால்கூட செவுளைத் திறந்து காட்டுகிறார்கள்” என்றாள்.

பிறகு தோல் மருத்துவத்தில் மேற்படிப்பு முடித்த ஒரு மருத்துவரிடம் போனோம். அவர் முதலில் செய்தது எங்களுக்கு வியப்பாக இருந்தது. அவள் கைப்பேசியில் எடுத்து வைத்திருந்த படங்களைப் பார்த்துவிட்டு, அவளைச் சுவரோரம் நிற்க வைத்து ஐந்தடி தள்ளி நின்று தாமே ஒரு படம் எடுத்தார். இரண்டு படங்களையும் பக்கத்தில் வைத்துக் காட்டியபோது இரண்டிலும் இருப்பது ஒரே மூக்கா என்று சந்தேகமே வந்தது. 12 அங்குல தூரத்தில் எடுக்கும் செல்ஃபியில் மூக்கின் அகலம் ஏறக்குறைய 30 சதவீதம் கூடுதலாகத் தெரியும் என்று 2018இல் அமெரிக்க மருத்துவர்கள் கணக்கிட்டுக் காட்டியிருக்கிறார்கள் என்றும், தம்மிடம் வருகிறவர்களில் சிலர் அந்தக் கூடுதல் மூக்கைக் குறைக்கத்தான் வருகிறார்கள் என்றும் அவர் சொன்னார். இவளுடைய மேடு ஐந்தடிக்கு அப்பாலும் கொஞ்சம் தெரிந்தது என்பதையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும்.

அதற்குப் பிறகு அவர் சொன்னவைதான் இந்தப் பதிவை எழுத வைத்தன. மூக்கும் முழியும் என்று நாம் அழகுக்காகச் சேர்த்துச் சொல்லும் இரண்டும் ரத்தக் குழாய்களாலும் சேர்ந்தவை. மூக்குத் தண்டின் மேல் ஓடும் நுண்ணிய தமனி, கண்ணுக்கு ரத்தம் கொண்டுபோகும் தமனியிலிருந்து கிளைத்து வெளியே வருவது. ஊசியின் முனை தவறுதலாக அந்தக் குழாய்க்குள் நுழைந்து, மருந்தை அழுத்தித் தள்ளினால், கூழ் ரத்த ஓட்டத்துக்கு எதிராகப் பின்னோக்கிப் போய்க் கண்ணின் தமனியை எட்டிவிடும்; அழுத்தம் நின்றதும் ரத்தம் அதை முன்னோக்கித் தள்ள, விழித்திரைக்குப் போகும் குழாயில் போய் அடைத்துக்கொள்ளும். பார்வை சில நொடிகளில் போய்விடலாம். ரத்தம் கிடைக்காத விழித்திரை தாக்குப்பிடிப்பது ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம்தான், அதற்கும் உறுதி கிடையாது. இது மிக அரிதாக நடப்பது என்பதை அவர் திரும்பத் திரும்பச் சொன்னார். ஆனாலும் ஃபில்லரால் பார்வை போனதாக உலகெங்கும் பதிவாகியுள்ள நிகழ்வுகளில் மூக்கும் புருவ நடுவும்தான் முன்னணியில் இருக்கின்றன. கண் தப்பினாலும் தோல் தப்பாமல் போகலாம். மூக்கு நுனியில் தோல் இறுக்கமானது, கூழ் பரவ இடமில்லாதது. அங்கே குழாய் அடைபட்டாலோ நசுங்கினாலோ அந்தத் துண்டுத் தோல் கறுத்து அழுகித் தழும்பாகும். அமெரிக்காவின் உணவு மருந்து நிர்வாகம் ஃபில்லர்களுக்கு அனுமதி தந்துள்ள இடங்களில் மூக்கு இல்லை. மருத்துவர்கள் தங்கள் பொறுப்பில், அனுமதிக்கு வெளியே இதைச் செய்கிறார்கள். ஒப்புதல் படிவத்தில் இது எழுதப்பட்டிருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட வேண்டும்.

ஹையலூரோனிக் அமில ஃபில்லருக்கு மாற்று மருந்து ஒன்று இருக்கிறது என்பது இதில் ஆறுதலான செய்தி. ஹையலூரோனிடேஸ் என்ற நொதியை ஊசியாகப் போட்டால் அந்தக் கூழ் கரைந்துவிடும். தோலில் ரத்த ஓட்டம் தடைபட்டது தெரிந்தவுடன் அதைத் தாராளமாகப் போட்டு, தேவைப்பட்டால் ஒரு மணி நேரத்துக்கு ஒரு முறை திரும்பவும் போடுவார்கள். ஒரு குப்பி இருந்தால் போதாது, பல குப்பிகள் கையிருப்பில் இருக்க வேண்டும். பார்வை போன பிறகு போட்டால் அது திரும்பும் என்பதற்கு உறுதி இல்லை. கால்சியம் ஹைட்ராக்சிஅபடைட் போன்ற வேறு வகை ஃபில்லர்களையோ திரவ சிலிக்கோனையோ இந்த நொதி கரைக்காது; ஆகவே மூக்கில் அவற்றைப் போடுகிறோம் என்று யாராவது சொன்னால் நன்றி சொல்லிவிட்டு எழுந்து வருவதே நல்லது. தேனீயோ குளவியோ கொட்டி மூச்சுத் திணறலோடு மருத்துவமனைக்குப் போன அனுபவம் உள்ளவர்கள் அதை மருத்துவரிடம் சொல்ல வேண்டும், ஏனென்றால் அந்த விஷத்திலும் இதே வகை நொதி இருப்பதால் மாற்று மருந்தே ஒவ்வாமையை உண்டாக்கலாம். நான் கூச்சத்தோடுதான் கேட்டேன்: “அந்த மருந்து இங்கே இருக்கிறதா டாக்டர்?” அவர் கோபித்துக்கொள்ளவில்லை. எழுந்து போய்க் குளிர்சாதனப் பெட்டியைத் திறந்து காட்டினார். நடுத்தட்டில் ஒரு தண்ணீர்ப் பாட்டிலுக்குப் பின்னால், சிறு அட்டைப் பெட்டியில் ஆறு குப்பிகள் இருந்தன. காலாவதித் தேதியை என் அக்கா மகள் ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தாள்.

நம் ஊருக்கென்று தனியாகக் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. வேலூரில் சென்னையிலிருந்து வாரம் ஒரு நாள் வந்துபோகும் மருத்துவர்கள் பலர். காலையில் ரயிலில் காட்பாடியில் இறங்கி, மாலை ரயிலில் திரும்பிவிடுவார்கள். மற்ற சிகிச்சைகளுக்கு இதில் தவறொன்றும் இல்லை. இந்த ஊசிக்கு மட்டும் அது பெரிய விஷயம். மாலை ஐந்து மணிக்குப் போட்ட ஊசியால் இரவு எட்டு மணிக்கு மூக்கு வெளிறினால், அவர் 140 கிலோமீட்டர் தள்ளி இருப்பார். அவர் இல்லாதபோது யார் பார்ப்பார், அவருக்கு அந்த நொதியைப் போடத் தெரியுமா, இரவில் எந்த எண்ணுக்கு அழைப்பது, கண்ணில் தொந்தரவு வந்தால் எந்தக் கண் மருத்துவமனைக்கு அனுப்புவார்கள் என்பதையெல்லாம் ஊசிக்கு முன்பே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். மருத்துவரின் பதிவு எண்ணைத் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலில் சரிபார்க்கலாம். தோல் மருத்துவரோ பிளாஸ்டிக் சர்ஜனோ என்பதோடு, மூக்கில் எத்தனை பேருக்குச் செய்திருக்கிறார் என்பதையும் தயங்காமல் கேளுங்கள். கன்னத்தில் நூறு பேருக்குப் போட்டவருக்கு மூக்கு புதிய இடமாக இருக்கலாம்.

முன்பே மூக்கில் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்களுக்கு ஆபத்து கூடும். தழும்புத் திசுவுக்குள் ரத்தக் குழாய்கள் வழக்கமான பாதையில் ஓடாது. கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மார்களுக்கும் இதைச் செய்வதில்லை. மூக்கின் மேலோ அருகிலோ பரு, புண், தொற்று இருந்தால் அது ஆறும்வரை காத்திருக்க வேண்டும். ஆஸ்பிரின் போன்ற ரத்தத்தை இளக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதைச் சொல்லிவிட வேண்டும். இதயத்துக்காகக் கொடுத்த மாத்திரையை மூக்குக்காகத் தாங்களாகவே நிறுத்திவிடக் கூடாது.

வேலூரில் மூக்கைச் சீரமைப்பது புதிய செய்தி அல்ல என்பது அந்தக் காத்திருப்பு அறையில் எனக்கு நினைவுக்கு வந்தது. 1946இல் இங்குள்ள சி.எம்.சி. மருத்துவக் கல்லூரிக்கு வந்த டாக்டர் பால் பிராண்டும் அவருடன் இருந்தவர்களும் தொழுநோயால் மடங்கிப்போன கைகளையும், உட்குழிந்துபோன மூக்குகளையும் அறுவையால் மீட்டுக் கொடுத்தார்கள். அதனால் ஊருக்குள் திரும்ப முடிந்தவர்கள் உண்டு. தொழுநோய் மருத்துவமனை இருக்கும் கரிகிரி பக்கம் போகும் பேருந்தில் அந்த மனிதர்களைச் சிறுவயதில் பார்த்திருக்கிறேன். ஒரு அத்தையின் சிரிப்புக்காக நாங்கள் வந்து உட்கார்ந்திருக்கிறோமே என்று சற்றுக் கூச்சமாக இருந்தது. இவளிடம் அதைச் சொல்லவில்லை, சொல்லியிருந்தால் அதுவும் ஒரு பந்திப் பேச்சாகத்தான் இருந்திருக்கும்.

திருமணம் தை மாதம். கார்த்திகையில் போட்டுக்கொண்டால் போதும் என்று இவள் கணக்குப் போட்டிருந்தாள். மருத்துவர் புரட்டாசியிலேயே முடித்துவிடச் சொன்னார். வீக்கமும் கன்றலும் வடிய இரண்டு வாரம், வடிவத்தில் சிறு திருத்தம் தேவைப்பட்டால் அதற்கு இன்னும் சில வாரம் என்பது அவர் கணக்கு. நான் நலங்கை நினைவூட்டினேன். மஞ்சளையும் சந்தனத்தையும் முகத்தில் ஆளாளுக்கு அழுத்தித் தேய்ப்பது நம் வீடுகளில் நடப்பதுதானே; புதிதாக நிரப்பிய மூக்கை அப்படித் தேய்த்தால் கூழ் இடம் மாறிவிடும். மூக்குக் குத்துவதாக இருந்தால் அதை ஃபில்லருக்கு வெகு முன்பே முடித்து, புண் முழுதும் ஆறியிருக்க வேண்டும். இரண்டையும் ஒரே வாரத்தில் வைத்துக்கொள்வது கிருமிக்குக் கதவைத் திறந்து வைப்பதற்குச் சமம். கண்ணாடி போடுகிறவர்கள் இரண்டு வாரத்துக்குக் கனமான சட்டத்தை மூக்கில் அழுத்த விடக் கூடாது. குப்புறப் படுக்கக் கூடாது. பல் மருத்துவரிடம் போகும் வேலை இருந்தால் முன்பே முடித்துவிட வேண்டும்.

ஊசி போட்ட அன்று மருத்துவர் ஒரு சின்ன வித்தையைக் கற்றுக்கொடுத்தார். என் கட்டைவிரல் நகத்தை அழுத்திவிட்டு எடுத்தார். வெளிறிய நகம் இரண்டு நொடிக்குள் சிவந்தது. மூக்குத் தோலையும் விரல் நுனியால் மெதுவாக அப்படித் தொட்டுப் பார்க்கலாம் என்றார். நிறம் திரும்பத் தாமதமானால், தோல் வெள்ளையாகவோ வலை பின்னியதுபோல் நீலச் சிவப்பாகவோ தெரிந்தால், வலி குறையாமல் கூடிக்கொண்டே போனால், நள்ளிரவானாலும் அழைக்க வேண்டும். பார்வை மங்கினாலோ இரட்டையாகத் தெரிந்தாலோ ஒரு நிமிடமும் காத்திருக்கக் கூடாது. இரண்டு மூன்று நாள் கழித்துச் சீழ் வைத்த பருக்களைப் போலச் சின்னச் சின்னக் கொப்புளங்கள் வந்தால், பரு என்று நினைத்துக் களிம்பு தடவிவிடுகிறவர்கள் அதிகமாம். அது ரத்தம் கிடைக்காத தோலின் முறையீடாக இருக்கலாம். இன்னொன்று, சாதாரண வீக்கத்துக்கு ஐஸ் வைப்போம். ரத்த ஓட்டம் தடைபட்ட அறிகுறி இருந்தால் ஐஸ் குழாயை மேலும் சுருக்கிவிடும்; மருத்துவரிடம் போகும் வழியில் வெதுவெதுப்பான ஒத்தடம்தான் சரி.

அவளுக்கு ஏறியது அரை மில்லிக்கும் குறைவு. முழு சிரிஞ்சுக்கும் 24,000 ரூபாய் கொடுத்தோம், மிச்சத்தை எங்கள் கண்முன்னே குப்பையில் போட்டார்கள். அதை எடுத்து வைத்து அடுத்த ஆளுக்குப் போடும் இடங்களும் இருக்கலாம் என்பதால் அதையும் கவனியுங்கள். போடும்போது மருத்துவர் பேசவே இல்லை. துளித் துளியாக விட்டு, ஒவ்வொரு துளிக்கும் நிறுத்தி, தோலின் நிறத்தைப் பார்த்து, “கண் நன்றாகத் தெரிகிறதா?” என்று மட்டும் கேட்டார். அவள் எதிர்ச் சுவரில் இருந்த நாள்காட்டியின் தேதியை ஒவ்வொரு முறையும் வாய்விட்டுப் படித்தாள். சிரிஞ்சுப் பெட்டியில் இருந்த ஸ்டிக்கரை, தொகுதி எண்ணோடு, கேட்டு வாங்கித் தன் கோப்பில் ஒட்டிக்கொண்டாள்.

தீபாவளிக்கு வந்த அக்கா அவளை நிமிர்ந்து பார்த்துவிட்டு, “என்னடி, கண்ணாடியை மாற்றிவிட்டாயா?” என்று கேட்டாள். இவள் ஆமாம் என்றாள். உண்மையிலேயே மாற்றித்தான் இருந்தாள், மருத்துவர் சொன்னபடி கனமில்லாத சட்டமாக.