பம்புக்குப் பின்னாலிருந்து

ஜூலை 8, செவ்வாய்

வியாழக்கிழமை ஒரு பச்சைக்குழந்தைக்கு இதய ஆபரேஷன். இதயம், நுரையீரல் இரண்டின் வேலையையும் அப்போது செய்யும் பம்பை ஓட்டுவது நான். பிறந்து எட்டு நாள், 3 கிலோ. மகாதமனியும் நுரையீரல் தமனியும் இடம் மாறியிருக்கின்றன. உடம்பிலிருந்து வந்த கெட்ட ரத்தம் மறுபடி உடம்புக்கே போகிறது; சுத்தமான ரத்தம் நுரையீரலையே சுற்றுகிறது. இரண்டும் எங்காவது கலந்தால்தான் உயிர். அதற்காக, பிறந்ததும் மூடிக்கொள்ள வேண்டிய நாளத்தைப் புரோஸ்டாகிளாண்டின் மருந்து கொடுத்துத் திறந்தே வைத்திருக்கிறார்கள். ரொம்பத் தள்ளிப்போடவும் முடியாது. நுரையீரலின் குறைந்த அழுத்தத்துக்குப் பழகிவிட்டால், உடம்பு முழுக்க ரத்தம் தள்ள இடது கீழறைக்குத் தெம்பு இருக்காது.

ஜூலை 9, புதன்

இன்று முழுக்கக் கணக்குதான். கிலோவுக்கு 85 மி.லி. என்று போட்டால், குழந்தையின் மொத்த ரத்தமே 255 மி.லி. என் பம்பையும் குழாய்களையும் நிரப்பவே கிட்டத்தட்ட அவ்வளவு வேண்டும். வெறும் திரவம் ஊற்றினால் ரத்தம் பாதியாக நீர்த்துப்போகும். அதனால் ரத்த வங்கியிலிருந்து வாங்கிக் கலக்க வேண்டும். கால் அங்குலக் குழாய் அடிக்கு 9 மி.லி.க்கு மேல் பிடிக்கும். 3/16 அங்குலம் என்றால் 5 மி.லி. சொச்சம். மெல்லிய குழாயையே எடுத்தேன், நீளத்தையும் வெட்டிக் குறைத்தேன். பம்ப் மேசையை ஒட்டி நிற்கும். முழங்கை இடிக்கிறது என்று சர்ஜன் முணுமுணுப்பார். முணுமுணுக்கட்டும்.

சாயங்காலம் குழந்தையின் அப்பா கேட்டார்: “மேடம், மெஷின் நடுவுல நின்னுட்டா?”

“பேட்டரி இருக்கு சார். அதுவும் போச்சுன்னா கையாலயே சுத்தலாம், கைப்பிடி இருக்கு.”

1954-ல் என்றால் அந்த மெஷினே அவராக இருந்திருக்கலாம். அமெரிக்காவின் மினசோட்டாவில் லில்லிஹை என்ற சர்ஜன், பெரும்பாலும் பெற்றவர்களில் ஒருவரைப் பக்கத்தில் படுக்கவைத்து, அவர் ரத்த ஓட்டத்தோடு குழந்தையை இணைத்துத்தான் ஆபரேஷன் செய்தார். 45 பேருக்குச் செய்ததில் 28 பேர் பிழைத்து வீடு திரும்பினார்கள். இதைக் குழந்தையின் அப்பாவிடம் சொல்லவில்லை.

ஜூலை 10, வியாழன்

ரத்தம் உறையாமலிருக்க ஹெப்பாரின், உறைவு நேரச் சோதனை, பைபாஸ் (ரத்த ஓட்டத்தைப் பம்ப் ஏற்பது), உடம்பைக் குளிர்விப்பது எல்லாம் ஒழுங்காகப் போனது. பொட்டாசியம் கரைசல் இறங்கியதும் இதயம் நின்றது.

தமனிகளை மாற்றித் தைப்பதைவிட, இதயத் தசைக்கு ரத்தம் கொடுக்கும் கரோனரியை மாற்றுவதுதான் பெரிய வேலை. தீக்குச்சி கனம்கூட இல்லாத நாளத்தை, சுற்றியுள்ள சுவரோடு வட்டமாக வெட்டியெடுத்துப் புது இடத்தில் தைக்க வேண்டும். கொஞ்சம் முறுக்கினாலோ இழுபட்டாலோ இதயத்துக்கே ரத்தம் கிடையாது. 1975-ல் பிரேசிலில் ஜடேனி என்ற சர்ஜன் இதைச் செய்து காட்டும்வரை, மேலறைக்குள்ளேயே ரத்தத்தைத் திருப்பிவிட்டுச் சமாளித்தார்கள்.

மகாதமனியை அடைத்திருந்த கிளாம்பை எடுத்தாயிற்று. முதலில் ஒரே நடுக்கம், அப்புறம் துடிப்பு. “கலர் நல்லாருக்கு” என்றார் சர்ஜன். அதற்குப் பிறகுதான் பம்பின் வேகத்தைக் குறைக்க ஆரம்பித்தேன். கடைசியில் வடிகட்டியில் ஓட்டி, ரத்தத்தில் கூடியிருந்த நீரை எடுத்தேன்.

ஜூலை 12, சனி

இதயம் வீங்கியிருந்ததால் அன்று நெஞ்செலும்பை மூடவில்லை, மெல்லிய சவ்வுதான் வைத்திருந்தார்கள். பார்த்த அம்மா ஆடிப்போய்விட்டார். எத்தனை சொல்லி அனுப்பினாலும் அந்தக் காட்சிக்கு யாரும் தயாராவதில்லை. உடம்புக்கு ரத்தம் போதாதபோது ஏறும் லாக்டேட் இறங்கியது, சிறுநீர் நன்றாகப் போகிறது. இன்று மூடிவிட்டார்கள்.

“இனி ஒண்ணும் இல்லையே?” என்று கேட்டார் அப்பா. நுரையீரல் தமனி தைத்த இடத்தில் சுருங்கலாம், கரோனரியையும் கவனிக்க வேண்டும், வளர்ந்த பிறகும் எக்கோவுக்கு வந்தாக வேண்டும் என்று சர்ஜன் ஒளிக்காமல் சொன்னார்.

திங்கட்கிழமை அடுத்தது: 4 கிலோ, கீழறைச் சுவரில் ஓட்டை. ரத்த வங்கிக்கு எழுதிக் கொடுத்தாயிற்று.