ஐஜிஜி-க்கு வைத்திருந்த செகண்டரி ஐஜிஎம்-ஐயும் பிடித்தது

எலிக்காய்ச்சல் நோயாளிகளின் சீரத்தில் (ரத்தத்தின் தெளிநீர்) ஐஜிஎம், ஐஜிஜி என்ற இரண்டு வகை ஆன்டிபாடிகளையும் (கிருமியை எதிர்க்க உடல் உண்டாக்கும் புரதங்கள்) எலைசா என்ற நிறமாற்றச் சோதனையில் தனித்தனியாகப் பார்ப்பதுதான் எனக்கு வந்த வேலை. நோயைத் தரும் லெப்டோஸ்பைரா பாக்டீரியாவின் லிப்-எல்32 புரதத்தை, சிறு குழிகள் கொண்ட பிளேட்டில் பூசி, சீரம் விட்டு, ஒட்டிக்கொண்ட மனித ஆன்டிபாடியை நிறம் வரவைக்கும் ஹெச்ஆர்பி என்சைமை இணைத்த செகண்டரியால் (மனித ஆன்டிபாடியைப் பிடிக்கும் இன்னொரு ஆன்டிபாடி) கண்டுபிடிக்க வேண்டும். லேப் ஃபிரிட்ஜில் ஆட்டிலிருந்து எடுத்த ஆன்டி-ஹியூமன் ஐஜிஜி ஏற்கெனவே இருந்தது. ஐஜிஜி பிளேட்டுக்கு அதுவே போதும் என்றார்கள்.

காய்ச்சல் கண்டு ஒரு வாரம்கூட ஆகாதவர்களின் சீரமும் அந்த பிளேட்டில் பளிச்சென்று மஞ்சளானது. முதலில் எழும்புவது ஐஜிஎம் அல்லவா? முன்பே தொற்று வந்துபோனவர்களாக இருக்கலாம் என்றார் ஒருவர். இருக்கலாம்தான், அதற்காக எல்லோருமா?

குப்பியின் லேபிளில் சின்ன எழுத்தில் ‘ஹெச்+எல்’ என்று இருந்தது. ஆன்டிபாடியின் ஹெவி செயின் என்ற பெரிய சங்கிலியோடு லைட் செயின் என்ற சிறிய சங்கிலியையும் பிடிக்கும் ரகம். கப்பா, லாம்டா என்ற லைட் செயின்களோ ஐஜிஜி, ஐஜிஎம், ஐஜிஏ எல்லாவற்றுக்கும் பொது. சந்தேகம் தீர, சுத்தமான மனித ஐஜிஜியை ஒரு வரிசையிலும் ஐஜிஎம்மை அடுத்த வரிசையிலும் பூசி, சீரமே விடாமல் செகண்டரியை மட்டும் விட்டுப் பார்த்தேன். ஹெச்ஆர்பியால் நிறம் மாறும் டிஎம்பி திரவத்தை ஊற்றிய சற்று நேரத்தில் இரண்டு வரிசையும் நீலம்! (அமிலம் விட்டு நிறுத்திய பிறகுதான் அது மஞ்சளாகும்.)

அப்புறம் ஐஜிஜிக்கே உரிய காமா ஹெவி செயினின் எஃப்சி என்ற வால் பகுதியை மட்டும் பிடிக்கும் ஒன்றும், ஐஜிஎம்முக்கே உரிய மியூ ஹெவி செயினை மட்டும் பிடிக்கும் ஒன்றும் வரவழைத்தோம். அதே சோதனையில் இரண்டும் தத்தம் வரிசையோடு நின்றன. விலை கூடுதல்தான், ஆனால் வகை பிரித்துச் சொல்ல வேண்டிய வேலையில் இதில் மிச்சம் பிடிக்க முடியாது.

அடுத்த தலைவலி, சீரம் விடாத பிளாங்க் வெல்லிலும் லேசாக நிறம் வந்தது. பிளேட்டில் காலியான இடங்களை மூடும் பிளாக்கிங்குக்குப் பால் பவுடர் போட்டிருந்தோம். பாலில் மாட்டு ஐஜிஜி உண்டு; மனித ஐஜிஜிக்கு எதிரான ஆன்டிபாடி அதையும் ஓரளவு பிடிக்கும். மாட்டுச் சீரப் புரதங்களுக்கு எதிராக அட்ஸார்ப் செய்த (அவற்றைப் பிடிக்கும் ஆன்டிபாடிகளை முன்பே நீக்கிய) செகண்டரிக்கு மாறியதும் பிளாங்க் அடங்கியது.

செகண்டரியின் டைல்யூஷனை 1:2,000-லிருந்து 1:32,000 வரை ஒவ்வொரு முறையும் இரட்டிப்பாக்கிக்கொண்டே போனேன். நிறம் மிக அழுத்தமாக வந்த இடத்தை விட்டுவிட்டு, பாசிட்டிவுக்கும் நெகட்டிவுக்கும் 450 நானோமீட்டரில் இடைவெளி அதிகமாக இருந்த இடத்தைத்தான் எடுத்தேன். பொடியாக வந்த குப்பியைத் தண்ணீரில் கரைத்து, சம அளவு கிளிசரால் சேர்த்து மைனஸ் 20-ல் வைப்பவர்கள் கவனிக்க: அடர்த்தி பாதியாகிவிடும். டேட்டாஷீட்டில் 1:10,000 என்றால் உங்களுக்கு 1:5,000. பஃபரில் சோடியம் அசைடு மட்டும் வேண்டாம், ஹெச்ஆர்பி படுத்துவிடும்.

ஐஜிஎம் பக்கம் இன்னொரு சிக்கலும் இருந்தது. ருமட்டாய்டு ஃபேக்டர் (ஐஜிஜியையே பிடிக்கும் ஆன்டிபாடி) உள்ள சீரத்தில், பிளேட்டில் பூசிய ஆன்டிஜனில் ஒட்டிய ஐஜிஜியின் மேல் அந்த ஃபேக்டர் போய் உட்கார்ந்துகொள்ளும். அது பெரும்பாலும் ஐஜிஎம் என்பதால் மியூ செகண்டரி அதையும் பிடித்துப் பொய் பாசிட்டிவ் காட்டும். சீரத்தை முதலிலேயே ஆன்டி-ஹியூமன் ஐஜிஜியோடு கலந்து ஐஜிஜியை வெளியேற்றிவிட்டுத்தான் இப்போது ஐஜிஎம் பிளேட்டில் விடுகிறோம்.