சோநீவாடு

எங்கள் கல்லூரித் தமிழ்த்துறையில் பி.ஏ. சேர்க்கை குறைந்ததும், ஒரு வகுப்பறையைத் திருப்பித் தரச் சொல்லி நிர்வாகக் கடிதம் வந்தது. பழம்பெருமை பேசவில்லை, கணக்கைக் காட்டினோம். பகுதி 1 தமிழில் மற்றத் துறைப் பிள்ளைகளுக்கும் பாடம் எடுப்பது நாங்கள்தான். குரூப் 4 தேர்வில் தமிழ்ப் பகுதியில் 40 சதவீதம் எடுக்காவிட்டால் தரவரிசையே கிடையாது.

பிறகு கல்லூரிச் செயலாளரைத் துறைக்கே அழைத்தோம். குளச்சல் கடற்கரையில் மீனவர் சொற்களைப் பிள்ளைகள் எழுதி வந்த நோட்டைப் புரட்டினார். கரமடி என்னும் வலை, கச்சான் என்னும் காற்று, வாநீவாடு, சோநீவாடு என்னும் கடல் நீரோட்டங்கள். மீன் கவிச்சி இன்னும் போகாத நோட்டு. ஒரு பக்கத்தில் விரல் நின்றது. "இது எங்க அப்பா சொல்லுற வார்த்தையாக்கும் மக்களே" என்றார்.

வகுப்பறை எங்களிடமே இருக்கிறது. விலங்கியல் துறையும் மீன் பெயர்களுக்காக எங்களோடு சேர்ந்திருக்கிறது, பெரிய பலம். முன்னாள் மாணவர்களே, எங்கே என்ன வேலையில் இருக்கிறீர்கள் என்று ஒரு வரி எழுதுங்கள். அடுத்த கூட்டத்துக்கு அந்தப் பட்டியல் வேண்டும்.